மேட்டுச்சோலைக்கு அனுமதி

9 செப்டம்பர் 1963, திங்கள்

காலையில் கடும் மூடுபனி. களத்துக்கு அந்தப்பக்கம் நிற்கிற சில்வர் ஓக் மரங்கள்கூடத் தெரியவில்லை. காப்பிச் செடிகளுக்குக் களையெடுப்பு. ஒச்சம்மாதான் பெண்களைக் கூட்டிவந்தாள்.

மதியத்துக்குமேல் ஒருவர் வந்தார். தோளில் துப்பாக்கி, பின்னால் இரண்டு நாய்கள். கேட் திறந்துதான் கிடந்தது. ஆனாலும் வெளியிலேயே நின்று, நாய்களை உட்காரவைத்துவிட்டுக் குரல் கொடுத்தார். பெயர் மாயழகு. மலையடிவாரத்தில் வீடு. துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக் குழந்தைசாமி வரச்சொன்னாராம்.

"ஒத்தப் பன்னி ஒண்ணு இந்தப் பக்கம் அலையுதும்மா. கூட்டத்தோட சேராத பன்னி. ராத்திரி எல்லார் தோட்டத்துலயும் மேஞ்சுட்டு, விடிஞ்சா உங்க மேட்டுச்சோலையில போய்ப் படுத்துக்கிடுது. மத்தவங்க எல்லாரும் சரின்னுட்டாங்க. நீங்களும் ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா உள்ள போய்ப் பாத்துருவேன்."

வேண்டாம் என்றேன்.

"ஐயாகிட்ட வேணும்னா கேட்டுக்கிடட்டுமா?"

"ஐயா கோலாரில் அவர் அண்ணன் வீட்டில் இருக்கிறார். யாரும் சோலைக்குள் போகக் கூடாது."

காரணம் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "இல்லைன்னா இல்லைதாம்மா. நெலத்துக்காரங்க சொல்லாம நான் கால் வைக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாய்கள் மட்டும் சோலைப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போயின.

மாலையில் சோற்றுத் தூக்குவாளியைச் சோலையோர வேலிக்கல்லில் வைத்துவிட்டு வந்தேன்.

10 செப்டம்பர்

தூக்கு கவிழ்த்திருந்தது. சாம்பல் போட்டுக் கழுவியிருந்தது. கத்தரிக்காய் பிடித்திருக்கிறது போல.

15 செப்டம்பர், ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும் வழியில் குழந்தைசாமி நிறுத்திப் பேசினார். நல்ல மனிதர்தான். ஆனால் இரண்டு வரப்பு வாழையைப் பன்றி தோண்டிப் போட்டிருக்கிறது, கோபம் இருக்காதா?

"ஏம்மா, சுடுறதுக்கு ஆளைக் கூட்டிவந்தாச்சு. செலவு எங்களோடது. உங்களுக்கு என்ன கஷ்டம்?"

துப்பாக்கிச் சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். அந்த அசட்டுத்தனமான பதில் எனக்கே சிரிப்பாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை.

"உங்க வீட்டுக்கார அண்ணாச்சி கடுதாசி போட்டாரா?"

வந்தது என்றேன்.

"ஒரு வருசத்துக்கு மேல ஆச்சே, ஒரு தடவைகூட வரக் காணோம்?"

வேலை அதிகம் என்றேன்.

20 செப்டம்பர், வெள்ளி

மாயழகு மறுபடியும் வந்தார். இந்த முறை துப்பாக்கி இல்லை. குழந்தைசாமியின் எல்லையில் தடம் பார்த்துவிட்டு வருகிறாராம். தண்ணீர் கேட்டார், மோர் கொடுத்தேன். படியில் உட்காராமல் நின்றுகொண்டே குடித்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். பன்னித் தடத்தோட ஒரு ஆள் தடமும் இருக்கு. வெறுங்கால். உங்க சோலைக்குள்ளயிருந்து ஓடைவரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கு."

"விறகு பொறுக்க யாராவது வந்திருப்பார்கள்."

"அப்பிடித்தான் நெனச்சேன். ஆனா அந்தத் தடத்துல கட்டைவிரல் மட்டும்தான் பதியுது. மத்த விரல் எதுவும் விழல." தம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பன்னி முன்னால போகுது, ஆள் பின்னால போகுது. வெரட்டிக்கிட்டுப் போற நடையில்ல. சேந்து போற நடை. இத்தன வருசத்துல நான் அப்பிடிப் பாத்ததில்லம்மா."

கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டேன்.

அனுமதி கேட்டார். இல்லை என்றேன். சரி என்று போனார்.

மாலையில் ஓடையோரம் சருகும் மண்ணுமாய்க் கிடந்தது. துடைப்பம் எடுத்துப்போய்ப் பெருக்கினேன். ஓடையோரத்தை யார் பெருக்குவார்கள் என்று ஒச்சம்மா கேட்பாளோ என்று பயந்தேன். தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

28 செப்டம்பர், சனி

பஸ் பிடித்துக் கீழே டவுனுக்குப் போய்வந்தேன். உப்பு, மண்ணெண்ணெய், சுக்கு, ஒரு கம்பளி. மாத்திரையைப் போனமுறை வாங்கிய கடையில் வாங்கவில்லை, பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் வாங்கினேன். கம்பளிக் கடைக்காரர், "ஐயாவுக்கா?" என்றார். ஆமாம், கோலாரில் குளிர் என்றேன். பொய் சொல்வதற்கு இப்போதெல்லாம் யோசிக்கவே வேண்டியிருப்பதில்லை.

கம்பளியைத் தூக்கோடு சேர்த்து வைத்தேன்.

3 அக்டோபர்

மேல்வரிசையில் களையெடுத்த பெண்கள் பாதி வேலையில் இறங்கி வந்துவிட்டார்கள். சோலைக்குள்ளிருந்து யாரோ இருமுகிறார்களாம். ஒருத்தி பயத்தில் அழுதாள். ஆவி என்கிறார்கள், முன்பு தோட்டம் போட வந்து செத்த வெள்ளைக்காரன் என்கிறார்கள்.

ஒச்சம்மா அவர்களைப் பிடித்து அதட்டினாள். "கருமந்திக் கொரங்கு இருமுறதைக் கேட்டதே இல்லையாடி? மலையில பொறந்துட்டு இதுக்குப் போய்ப் பயப்படுறீங்க. நடங்க."

கருமந்தி அப்படி இருமாது. நானும் கேட்டேன். அடிவயிற்றிலிருந்து வருகிற இருமல். ஒச்சம்மாவும் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சுக்கும் மிளகும் போட்டுக் கஷாயம் வைத்துப் பாட்டிலில் ஊற்றி வைத்தேன்.

4 அக்டோபர்

பாட்டில் காலி.

17 அக்டோபர், வியாழன்

மழை பிடித்துக்கொண்டது. ராத்திரியும் பகலும் ஒரே சத்தம். கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகல், அண்டா வைத்திருக்கிறேன். பாதை வழுக்குகிறது, ஆனாலும் போய் வைத்தேன். ரசம் சோறு, கஷாயம். வேலிக்கல்லுக்கு அந்தப்பக்கம் மரங்களுக்குள் வெண்மையாகப் பனி. அதற்குள் ஏதோ நின்று மூச்சு விடுவது கேட்டது. கனமான மூச்சு. கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை.

21 அக்டோபர், திங்கள்

காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. சமைத்து, தூக்கை ஒச்சம்மாவிடம் கொடுத்து, வேலிக்கல்லில் வைத்துவிட்டு வா என்றேன். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன்.

26 அக்டோபர், சனி

இன்று நானே போய் எடுத்துவந்தேன். தூக்கு நிமிர்த்தி, மூடி போட்டு வைத்திருந்தது. புளி போட்டுத் தேய்த்தது போலப் பளபளவென்று இருக்கிறது. உடம்பு தேறியிருக்க வேண்டும். இருமலும் இப்போது கேட்பதில்லை.

மனம் இலேசாக இருந்தது. அவருடைய வேட்டிகளை எடுத்து வெயில் காட்டினேன்.

5 நவம்பர், செவ்வாய்

மாயழகும் குழந்தைசாமியும் சேர்ந்து வந்தார்கள். வாழை மொத்தமும் போய்விட்டது. பட்டப்பகலில் பன்றி அவருடைய வேலையாளைத் துரத்தியிருக்கிறது. அவன் மரத்தில் ஏறித் தப்பித்தானாம்.

"இனிமே கேட்டுக்கிட்டு இருக்க முடியாது. நாளைக்கு நாலு ஆளை உள்ள எறக்குறேன்" என்றார் குழந்தைசாமி.

"அப்பிடி எறக்குனா நான் வரமாட்டேன். வேற ஆளைப் பாத்துக்கிடுங்க" என்றார் மாயழகு, குரலை உயர்த்தாமல். குழந்தைசாமி முறைத்துவிட்டு கேட்டுக்கு வெளியே போய்விட்டார்.

மாயழகு மட்டும் நின்றார்.

"அம்மா, மறைக்காமச் சொல்லுங்க. உள்ள ஆள் யாராச்சும் இருக்காங்களா? இருந்தா சொல்லிருங்க. பனியில ஒண்ணு அசையும், பன்னின்னு நெனச்சுச் சுட்டுருவேன். அப்புறம் நான் எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போறது?"

"யாரும் இல்லை."

"அப்ப அனுமதி குடுங்க."

"கொடுக்க முடியாது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "புரிஞ்சுதும்மா" என்றார். என்ன புரிந்தது என்று நான் கேட்கவில்லை.

16 நவம்பர், சனி

ஒச்சம்மாவைப் பன்றி குத்திவிட்டது.

தூக்கை வைத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. வேலிப்பக்கம் அலறல். களத்திலிருந்தவர்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள், நானும் ஓடினேன். வேலிக்கல்லுக்கு அடியில் கிடந்தாள். தொடை கிழிந்து, சேலை முழுக்க ரத்தம். தூக்கு உருண்டு கிடக்க, பன்றி அவளுக்குப் பக்கத்திலேயே நின்று சிந்திய சோற்றைத் தின்றுகொண்டிருந்தது.

இவ்வளவு பெரிய பன்றியை நான் பார்த்ததில்லை. முதுகு மயிரெல்லாம் நரைத்திருந்தது. தகரச் சத்தத்துக்கு அது பயப்படவில்லை. தின்று முடித்தபிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. தெரிந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, நிதானமாகச் சோலைக்குள் நடந்துபோயிற்று.

கட்டிலில் வைத்து ரோடுவரை தூக்கிப்போய், குழந்தைசாமியின் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பதில் ஏசியிருக்கலாம்.

தூக்கை எடுக்க ஒச்சம்மா ஏன் அங்கே போனாள்?

18 நவம்பர், திங்கள்

ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொள்வாள், ஆனால் கால் முன்போல இருக்காது என்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரி வெளியே போகும்வரை ஒச்சம்மா கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, நான்தாம்மா தூக்கைக் கழுவி வச்சேன்."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"முதல்லருந்து இல்ல. முன்னாடியெல்லாம் ஐயாதான். எனக்கு ஆரம்பத்துலயே தெரியும்மா, நான் வாயத் தொறந்ததில்ல. நீங்க காய்ச்சலாக் கெடந்தப்ப என்கிட்டக் குடுத்தனுப்புனீங்கள்ல? மறுநா வெடியக்காலையில போனேன். சோறு அப்பிடியே இருந்துச்சு. மறுநாளும் அப்பிடியே இருந்துச்சு. காய்ச்சல்ல கெடக்கிறவங்ககிட்ட எப்பிடிம்மா சொல்லுவேன்? நீங்க எந்திரிச்சதும் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க என்னடான்னா சிரிச்சுக்கிட்டு ஐயா வேட்டியக் காயப் போட்டுக்கிட்டு இருக்கீங்க."

பன்றி தட்டிவிடுவதற்குமுன் எடுத்துவிட வேண்டும் என்று தினமும் நான் வந்த பிறகு இருட்டுமுன் போய் எடுத்திருக்கிறாள். விடியுமுன் கழுவிக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தாள். முந்தானையில் முடிந்திருந்ததை ஆஸ்பத்திரியில் சேலை மாற்றும்போது யாரிடமோ சொல்லிப் பத்திரப்படுத்தியிருக்கிறாள். அவிழ்த்துக் காட்டினாள். நான் சோற்றோடு வாழையிலையில் மடித்து வைத்து அனுப்பிய மாத்திரைகள்.

"இதை எறிய மனசு வரலம்மா."

19 நவம்பர்

இவ்வளவு நாள் இதில்கூட எழுதாமல் இருந்தேன்.

என் கணவர் தேவசித்தம் கோலாருக்குப் போகவில்லை. முதலில் தோளில் ஒரு வெளுத்த தேமல். பிறகு ஒரு நாள் அடுப்புக் கொள்ளி சுட்டு விரல் கருகியது. அவர் பேசிக்கொண்டே இருந்தார், நான்தான் வாடை பிடித்துக் கத்தினேன். டாக்டர் குஷ்டம் என்றார். இப்போது மாத்திரை இருக்கிறது, விடாமல் சாப்பிட்டால் குணமாகும், வீட்டிலேயே இருக்கலாம் என்றும் சொன்னார். என் கணவர்தான் கேட்கவில்லை. அவருடைய அப்பாவை இதே நோய்க்காக ஊர் என்ன செய்தது என்று சிறுபிள்ளையாக நின்று பார்த்தவர். கை கால் விரல்கள் போக ஆரம்பித்ததும் ஒருநாள் காலையில் குடையை எடுத்துக்கொண்டு மேட்டுச்சோலைக்கு ஏறிவிட்டார். "நானாக் கூப்பிடுற வரைக்கும் நீ வேலியைத் தாண்டி வரக் கூடாது, சலோமி. சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன்.

அவர் கூப்பிடவே இல்லை.

21 நவம்பர், வியாழன்

பஸ்ஸில் இறங்கி, விசாரித்துக்கொண்டு மாயழகு வீட்டுக்குப் போனேன். வாசலுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தேன். நாய்கள் குரைக்கவில்லை. வெளியே வந்த மாயழகு என்னைக் கண்டதும் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"சோலைக்குள் போக வேண்டும். எனக்குத் தனியாகப் போகத் தைரியம் இல்லை. நீங்கள் கூட வர வேண்டும். துப்பாக்கி வேண்டாம்" என்றேன்.

"ஐயாவாம்மா?"

தலையாட்டினேன்.

"அன்னைக்கே தெரிஞ்சிருச்சும்மா. நீங்க யாரும் இல்லன்னு சொன்ன தோரணையிலேயே தெரிஞ்சிருச்சு."

23 நவம்பர், சனி

விடிந்து பனி கலையத் தொடங்கியதும் போனோம். வேலிக்கல்லைத் தாண்டும்போது மாயழகு செருப்பைக் கழற்றி வைத்தார். நானும் கழற்றினேன்.

உள்ளே பகலிலும் பாதி இருட்டு. மரமெல்லாம் பாசி. ஒரு பறவைச் சத்தமில்லை. நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடித்தடம் ஒன்று மேலே போயிற்று. அதில் பன்றிக் குளம்புகள் பதிந்திருந்தன. வழியில் ஒரு கிளையில் அவருடைய குடை மாட்டியிருந்தது. துணி முழுக்கக் கிழிந்து கம்பிகள் மட்டும்தான்.

பாறை ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கடியில் தட்டி மறைத்து, அடுப்புக் கூட்டி, ஒரு இடம். என்னை நிறுத்திவிட்டு மாயழகு உள்ளே போனார். வரத் தாமதமாயிற்று.

"கம்பளியப் போத்திப் படுத்திருக்காரும்மா. மழை சமயத்துலயே போயிருக்கணும். மொகத்தைப் பாக்க வேணாம், சொன்னாக் கேளுங்க."

கேட்டேன். கம்பளிமேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் வாங்கிய கம்பளி.

தட்டிக்கு வெளியே, வாசலை ஒட்டி, சருகு மெத்தையாக அமுங்கி ஒரு பள்ளம் இருந்தது. நரைத்த மயிர் ஒட்டியிருந்தது. மாயழகு குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார்.

"பன்னி இங்கதான் படுத்திருக்கு. இன்னிக்கு நேத்துப் படுத்ததில்ல, மாசக்கணக்கா. நேத்துக்கூட வந்திருக்கு. அவரைத் தொடல பாருங்கம்மா. நரியையும் அண்ட விடல." நிமிர்ந்து, "உங்க சோத்துல அதுக்கும் ஒரு பங்கு போட்டிருக்காரு" என்றார்.

அவருடைய சாமான்களை எடுத்துப் பார்த்தேன். தகர டப்பா, சீப்பு, கஷாய பாட்டில் ஒன்று. மாத்திரையைத் தேடினேன். ஒன்றுகூட மீதி இல்லை; மடித்து அனுப்பிய இலைகள்தான் அடுப்போரம் காய்ந்து கிடந்தன. எல்லாவற்றையும் சாப்பிட்டிருக்கிறார். குணமாகி இறங்கி வரவேண்டும் என்றுதான் இருந்திருக்கிறார்.

பாறையின் ஒரு மூலையில் மட்டும் பாசி இல்லை. ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாகியிருந்தது. அங்கே போய் உட்கார்ந்தேன். நேர் கீழே என் அடுப்படி வாசல். திறந்து கிடந்த கதவு, துவைகல், வேட்டி காயப் போட்ட கொடி, எல்லாம் தெரிகிறது.

25 நவம்பர், திங்கள்

அங்கேயே அடக்கம் செய்தோம். உபதேசியார் வந்து ஜெபித்தார். குழந்தைசாமியிடம் எதையும் மறைக்கவில்லை. தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. மண் போட்டுவிட்டு ஓடையில் வெகுநேரம் கையைக் கழுவினார்.

எல்லாரும் இறங்கிய பிறகு மாயழகு மட்டும் நின்றார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். ஆனா சோறு வர்றது நின்னுபோச்சு. அது இனிமே ஆளைத் தேடி வீட்டுக்கே வரும். அடுத்தது ஒச்சம்மா மாதிரி தப்பாது. நீங்க வேணாம்னா நான் போயிருவேன்."

என் கணவரின் கடைசி நாட்களில் கூட இருந்தது அது ஒன்றுதான். அதைச் சுடச் சொல்லி நான் எப்படிச் சொல்வேன்? ஒச்சம்மாவின் கால் கண்முன்னே வந்தது. நேற்று ராத்திரி அடுப்படிச் சுவரை ஏதோ உரசிக்கொண்டு போனதையும் நினைத்தேன். காலையில் பார்த்தபோது கதவடியில் மண் கிளறியிருந்தது.

"உள்ள ஆள் யாரும் இல்லன்னு நீங்க உங்க வாயால சொல்லணும்மா. அப்பத்தான் நான் துப்பாக்கியத் தூக்குவேன்."

சொன்னேன். "உள்ளே யாரும் இல்லை. போங்கள்." முதன்முறையாக அதை உண்மையென்று தெரிந்து சொன்னேன்.

27 நவம்பர், புதன்

மாலையில் ஒரே ஒரு வெடி. பெண்கள் காப்பிப் பழம் பறிப்பதை நிறுத்திவிட்டு நின்றார்கள். நான் நிறுத்தவில்லை. கூடை நிறைகிறவரை பறித்தேன்.

மாயழகு தனியாக இறங்கி வந்தார். நாய்கள் அவர் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தன. இந்த முறை கேட்காமலேயே படியில் உட்கார்ந்தார்.

"தேட வேண்டியிருக்கலம்மா. குழிமேட்டுக்குப் பக்கத்துல படுத்திருந்துச்சு. காலடி கேட்டதும் எந்திரிச்சு வந்துச்சு. பாயல. கூப்பிட்டா வருமே, அப்பிடி வந்துச்சு. கிட்ட வந்து என்னை மோந்து பாத்தப்புறம்தான் அதுக்கு வேத்தாளுன்னு தெரிஞ்சுது." கறியில் பங்கு வேண்டாம் என்றார். குழந்தைசாமியின் ஆட்களும் வேண்டாம் என்றுவிட்டார்களாம். அங்கேயே, என் கணவரின் கால்மாட்டில் புதைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"என்னைக் கேக்காமப் பொதச்சுட்டேன். உங்க நெலம். தப்புன்னா சொல்லுங்கம்மா."

தப்பில்லை என்றேன்.

அவர் போன பிறகு ஒச்சம்மாவுக்குக் கொடுத்தனுப்பக் கஞ்சி வைத்தேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பனி இறங்கி, பாறை பாதிதான் தெரிந்தது. அரிக்கேனை ஏற்றி அடுப்படி வாசலில் வைத்தேன். திரியைக் கொஞ்சம் தூண்டிவிட்டு, முகத்தில் வெளிச்சம் படும்படி அதன் பக்கத்திலேயே, அந்தப் பாறையைப் பார்த்து நின்றேன்.